யார் பணத்தில் யாருக்கு விருந்து?





சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் என் அக்காள் மகனின் நிக்காஹ் திருச்சியில் நடைபெற்றது. மணமகளின் வீடு திருச்சி நகரில். நாங்கள் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தார். வேனில் வந்தால் இரண்டு மணி நேரப் பயணம். மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கென்று நகரின் நட்சத்திர விடுதி ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு ஆறு அறைகள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் நானும் வயது முதிர்ந்த என் தாயாரும் தங்கினோம்.

அந்த இரண்டு இரவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள்களாக எண்ணியும் துணிவின்றித் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் முதலில் என்னைப் பற்றியே எழுத வேண்டியிருக்கும் என்பதே காரணம். எவரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. ஆகையால் விடுதியின் பெயரையோ உறவினர்களின் பெயர்களையோ குறிப்பிடப் போவதில்லை. குற்றம் செய்தோர் வரிசையில் முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

கண்டவற்றுள் நல்லவை

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (திருக்குர்ஆன் 5:8). ஆகவே நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறை தூய்மையாக இருந்தது. சன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிந்தது. அஸர் நேரம் நெருங்கியபோது, கிப்லா எந்தத் திசை என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் முஸ்லிம் அல்லர், அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க சார், பார்த்துச் சொல்றேன்" என்றார். ஐந்து நிமிடத்தில், மேற்கே சற்று வடக்காகத் திரும்ப வேண்டும் என்றும், அறையின் அலமாரி இருக்கும் மூலையே அந்தத் திசை என்றும் சரியாகச் சொன்னார். விரிப்பதற்கு வெளுத்த புதிய துணி ஒன்றும் வந்து சேர்ந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் என் தாயார், "வயிறு சரியில்லைப்பா, கொஞ்சம் கஞ்சி கிடைச்சாப் போதும்" என்றார்கள். அவ்விடுதியின் உணவுப் பட்டியலில் கஞ்சி என்ற சொல்லே இல்லை. ஆயினும் சமையற்கூடத்தில் இருந்த ஒருவர் பச்சரிசியும் பூண்டும் இட்டுக் கஞ்சி காய்ச்சித் தம் கையாலேயே மேலே கொண்டுவந்து கொடுத்தார். நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. அவருக்கு இன்றளவும் துஆச் செய்கிறேன்.

அறையிலிருந்த சிறிய குளிர்பெட்டியில் இரண்டு பீர் பாட்டில்கள் இருந்தன. தாயார் தங்கும் அறையில் அவை இருக்க வேண்டாம் என்றேன். மறுப்பேதும் சொல்லாமல் உடனே அகற்றிவிட்டார்கள். அந்த இரண்டு பாட்டில்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டவற்றுள் அல்லவை

மறுநாள் அதிகாலை ஃபஜ்ருக்காகக் கீழே இறங்கினேன். வாகனங்கள் நிற்கும் இடத்தில் எங்கள் வேனின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எங்கள் ஓட்டுநர், ஐம்பது வயதைக் கடந்தவர், இருக்கையில் ஒருக்களித்துக் கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டியபடி உறங்கிக்கொண்டிருந்தார். கொசுவுக்கு அஞ்சி முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். காவலாளியிடம் கேட்டேன். "டிரைவர்களுக்கு இங்க இடம் கிடையாது சார். எல்லாரும் வண்டியிலதான் படுப்பாங்க" என்றார். பாதுகாப்புக் காரணம் சொல்லி, வாயிலுக்குள் இருந்த கழிப்பறையைப் பயன்படுத்தக்கூட அவரை அனுமதிக்கவில்லை.

வண்டியோட்டி வருபவர்கள் படும் இந்தத் துன்பத்தை அரசே உணர்ந்திருக்கிறது. விடுதிகளில் தங்கும் விருந்தினரின் ஓட்டுநர்கள் உறங்குவதற்கும் குளிப்பதற்கும் இடவசதி செய்துதர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் கட்டட விதிகளைத் திருத்தியது. விதி ஏட்டில் இருக்கிறது. ஓட்டுநர் வண்டியில் கிடக்கிறார். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 8,500 ரூபாய் வாங்கும் நிறுவனத்திற்கு, ஒரு கூடத்தில் பத்துப் பாய்களை விரித்துக் கொடுக்க இயலாதா?

இவ்வாறு அந்த விடுதியின் மீது சினங்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தேன். தொழுது முடித்துத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. முந்தைய இரவு அவர் எங்கே உறங்குவார், என்ன உண்பார் என்று நான் கேட்டேனா? எங்களுடன் வந்தோர் முப்பது பேர். அவர்களுள் ஒருவராவது கேட்டாரா? பணியாளர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதிலிருந்தே அவர்களுக்கும் உணவளிக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை (புகாரி) எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் பூண்டுக் கஞ்சிக்குச் சொல்லிவிட்ட அந்த நேரத்தில், எங்களைச் சுமந்து வந்தவர் தெருமுனைக் கடையில் தேநீரும் பன்னும் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார். விதியை மீறியது விடுதி. மார்க்கத்தை மீறியது நான்.

கல்லாவின் முன்

மூன்றாம் நாள் காலை கணக்கு முடிக்கும் நேரம். கீழே சென்றபோது மணமகளின் தந்தை கல்லாவின் முன் நின்றுகொண்டிருந்தார். கையில் பில். அவர் ஒரு மளிகை மொத்தக் கடையில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருபவர். காகிதத்தில் ஒரு பைசா பிசகினாலும் கண்டுபிடித்துவிடக் கூடியவர். அவர் அந்தத் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து, சட்டைப் பையிலிருந்து பணக்கட்டை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது, அறைகளுக்குப் பணம் கட்டுபவர் அவர் என்று. அதுவரை அந்தச் செலவு யாருடையது என்று நான் கேட்டதே இல்லை. கேட்காதிருப்பது நமக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது!

தாளை வாங்கிப் பார்த்தேன். ஆறு அறைகள், இரண்டு இரவுகள்: 1,02,000 ரூபாய். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்குரிய 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரி: 18,360 ரூபாய். உணவுக் கணக்கில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து விழுக்காடு. அதற்குக் கீழே, எங்கள் அறை எண்ணுக்கு நேராக, 'பீர் - 2'.

நாங்கள் அகற்றச் சொன்ன பாட்டில்களை, குடித்துத் தீர்த்த பாட்டில்களாக எழுதியிருந்தார்கள்!

உடனே அந்தப் பெண்ணை அழைத்தேன். அவர் விசாரித்து, தவறு தங்களுடையதே என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு அத்தொகையை நீக்கினார். சர்வீஸ் சார்ஜையும் சுட்டிக்காட்டினேன். உணவுக் கட்டணத்தில் அதைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதைச் சொன்னதும் மேலாளர் மறுபேச்சின்றி அதையும் கழித்தார். கேட்டவருக்குக் கழிக்கிறார்கள், கேளாதவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே (83) இறங்கியிருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது. வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

ஆனால் என் நெஞ்சைக் குத்தியது அந்தப் பணமன்று. மணமகளின் தந்தை 'பீர் - 2' என்ற வரியைப் படித்திருக்கிறார். தம் மகளை நேற்றுக் கைப்பிடித்துக் கொடுத்த குடும்பத்தின் அறையில் மது அருந்தப்பட்டதாக நம்பியிருக்கிறார். நம்பியும், ஒரு சொல் கேட்காமல் அதற்கும் பணம் கட்ட முற்பட்டிருக்கிறார்! "ஏங்க, என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "பரவாயில்லைங்க சம்மந்தி... புள்ளை அங்க வாழணும்ல" என்றார்.

சகோதரர்களே, அந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விருந்தாளியைக் கேள்வி கேட்டால் மகளின் வாழ்வு என்னாகுமோ என்று ஒரு தகப்பன் அஞ்சுகிறான் என்றால், அங்கே நடப்பது விருந்தோம்பலா? பிணைக்கைதிக்குச் செலுத்தும் ஈட்டுத்தொகையா?

பின்னர், சம்பந்தம் பேசிய தரகர் வழியாக இன்னொன்றும் தெரிய வந்தது. அந்த அறைகளுக்காகவே மணமகளின் தாயார் தம் வளையல்களை அடகு வைத்திருக்கிறார்.

அடகு வைக்கப்பட்ட பாத்திரம்

ஹதீஸ் நூல்களில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் இல்லத்திற்கு இருவர் விருந்தினராகச் சென்றனர். ஸல்மான் (ரலி) ரொட்டியையும் உப்பையும் முன்வைத்து, விருந்தினருக்காகத் தம்மை வருத்திக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் இதனினும் கூடுதலாகச் செய்திருப்பேன் என்றார்கள். வந்தவருள் ஒருவர், உப்புடன் சிறிது வாசனைத் தழையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) தாம் உளூச் செய்யும் பாத்திரத்தை அனுப்பி அடகு வைத்து, அந்தத் தழையை வாங்கிவரச் செய்தார்கள். உண்டு முடித்ததும் விருந்தாளி, கிடைத்ததைக் கொண்டு நம்மைப் போதுமாக்கிக்கொள்ளச் செய்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். ஸல்மான் (ரலி) அவர்களோ, கிடைத்தது உமக்குப் போதுமாக இருந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிராதே என்று பதிலளித்தார்கள்.

பிடித்தழை கேட்டவருக்கே இந்தப் பதில் என்றால், ஆறு அறைகளில் இரண்டு இரவுகள் உறங்கிவிட்டு "அல்ஹம்துலில்லாஹ், நல்ல ஏற்பாடு" என்று சொல்லிப் புறப்பட்ட எங்களுக்கு என்ன பதில்? விருந்து மூன்று நாள்கள் என்று வரையறுத்த நபி (ஸல்) அவர்களே, விருந்தளிப்பவரை இக்கட்டில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கியிருப்பது ஆகுமானதன்று என்றும் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி). விருந்தாளிக்குரிய உரிமையை உரத்துப் பேசும் நாம், விருந்தாளிக்குரிய இந்தக் கடமையை மேடையில் பேசுகிறோமா?

சொல்லப்படும் சமாதானங்கள்

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களே விரும்பிச் செய்தார்கள்" என்கிறார்கள். வரதட்சணைக்கு எதிராக நம் சமுதாயத்தில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டதன் பயனாக, ரொக்கம் கேட்க இன்று பலர் கூசுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது வேறு வேடம் தரித்து வந்திருக்கிறது. "எங்களுக்கு எதுவும் வேண்டாம். வர்றவங்க தங்குறதுக்கு மட்டும் கௌரவமா ஓர் இடம் பார்த்துடுங்க, உங்க இஷ்டம்." இந்த 'உங்க இஷ்டம்' என்ற சொல்லுக்குப் பெண்ணைப் பெற்றவரின் அகராதியில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண் (திருக்குர்ஆன் 4:4). வலீமா கொடுக்க வேண்டியவனும் ஆண். தங்கும் செலவை மட்டும் பெண்ணின் தந்தை மீது சுமத்தும் சட்டம் எந்த மத்ஹபில் இருக்கிறது?

"வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு வீட்டு வசதி போதாது" என்பது இன்னொரு சமாதானம். உண்மையாகவே போதாதிருக்கலாம். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் நம் பிள்ளைகள் தம் சொந்தப் பணத்தில் நல்ல விடுதியில் தங்கட்டும், யார் தடுத்தது? நட்சத்திர விடுதியே ஹராம் என்று சொல்லவும் நான் வரவில்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கிய அழகையும் நல்ல உணவையும் தடைசெய்தவர் யார் என்று குர்ஆன் வினவுகிறது (7:32). அதற்கு முந்தைய வசனத்திலேயே வீண்விரயம் தடுக்கப்படுகிறது (7:31). மெத்தையின் மென்மை குற்றமன்று. அந்த மெத்தைக்கு யாருடைய வளையல் போனது என்பதே கேள்வி.

"சம்பந்தி வீட்டாரை மதிப்பதுதானே இஸ்லாம்?" என்றும் கேட்கிறார்கள். மதிப்பு இருதிசையில் ஓட வேண்டும். அவர்கள் நம்மை மதிக்க வளையலை அடகு வைத்தார்கள். நாம் அவர்களை மதிக்க என்ன செய்தோம்? இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பி அவரவர் பாயில் படுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

இந்த ஊர் கற்றுத்தரும் பாடம்

திருச்சியில் நின்றுகொண்டு தங்குமிடம் இல்லை என்று சொல்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டும். இவ்வூரின் பேருந்து நிலையம் ஒன்றுக்கே சத்திரம் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிபுரிந்த ராணி மங்கம்மாள், வழிப்போக்கருக்குச் சாலையும் சத்திரமும் அமைத்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். ஸ்ரீரங்கம் வரும் பக்தர்களுக்காக அறநிலையத் துறை யாத்ரி நிவாஸ் நடத்துகிறது. நம் முன்னோரும் பின்தங்கியவர்கள் அல்லர். சென்னையில் சென்ட்ரல் நிலையத்தருகே சித்தீக் சராய் எழுப்பியவர் நம்மவர். இதே திருச்சியில் 1951-இல் ஜமால் முகமது கல்லூரியைத் தம் செல்வத்தால் நிறுவியவர்களும் நம்மவரே. அவர்கள் பணத்தைக் கட்டடமாக்கித் தலைமுறைகளுக்கு விட்டுச் சென்றார்கள். நாமோ இரண்டு இரவுகளில் ஒன்றேகால் இலட்சத்தைக் கரைத்துவிட்டு வருகிறோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: மாப்பிள்ளை வீட்டார் தங்கும் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையதே என்பதைச் சம்பந்தம் பேசும் நாளிலேயே, பெண் வீட்டார் கேட்பதற்கு முன், நாமே வாய்திறந்து சொல்ல வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகளும் ஆலிம் பெருமக்களும் நிக்காஹ் பதிவின்போது இதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டு: ஊர்தோறும் நம்மவர் கட்டும் திருமண மண்டபங்களின் மாடியில் பத்து எளிய அறைகளும், ஓட்டுநர்களுக்கென ஒரு கூடமும் அமைக்க வேண்டும். பளிங்குத் தூண்களுக்கும் அலங்கார விளக்குகளுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி போதும்.

மூன்று: விடுதியில் தங்க நேர்ந்தால், அறைச் சாவியை வாங்குமுன் "ஓட்டுநருக்கு இடம் எங்கே?" என்று கேட்க வேண்டும். இடமில்லை என்றால் வேறு விடுதி பார்க்க வேண்டும். கேட்பவர் பெருகினால்தான் ஏட்டில் உள்ள விதி தரைக்கு வரும்.

பச்சைமலையில் ஒரு திண்ணை

கணக்கு முடித்த அன்று பெரியவர்களை வேறு வண்டியில் ஊருக்கு அனுப்பிவிட்டு, இளைஞர்களின் வற்புறுத்தலால் துறையூர் வழியாகப் பச்சைமலைக்குச் சென்றோம். டாப் செங்காட்டுப்பட்டியைத் தாண்டிச் சிறிது தொலைவில் மழை பிடித்துக்கொண்டது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழும் மலை அது. சாலையோர வீடு ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டி, "நனையாதீங்க, உள்ள வாங்க" என்று அழைத்தார். எங்கள் தொப்பியையும் தாடியையும் அவர் பார்க்காமல் இல்லை. நாங்கள் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவுமில்லை. திண்ணையைத் துடைத்து இடங்கொடுத்தார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் பால் விடாத காப்பியும் தந்தார்.

ஓட்டுநர் வழக்கம்போல வண்டியருகிலேயே நின்றார். மூதாட்டி அவரைப் பார்த்து, "நீ ஏன்யா அங்க நிக்கிற? எல்லாரும் ஒண்ணாத்தானே வந்தீங்க?" என்று அதட்டினார். அவர் வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். ஒரே தட்டிலிருந்து இருவரும் கிழங்கு எடுத்து உண்டோம். புறப்படும்போது நான் நீட்டிய நோட்டை அம்மூதாட்டி கையால் தொடவில்லை.

இரண்டு இரவுகளாக எனக்கு விளங்காதது அந்த அதட்டலில் விளங்கியது. ஊர் திரும்பியதும் எங்கள் அறைக்குரிய 20,060 ரூபாயை மணமகளின் தந்தைக்கு அனுப்பிவைத்தேன். ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு, கொடுக்கத் தவறிய பேட்டாவையும் கொடுத்தேன். மற்ற ஐந்து அறைகளில் தங்கியவர்களிடமும் சொன்னேன், இருவர் கொடுத்தார்கள். "குடும்பத்தின் மானத்தை வாங்கிவிட்டாய்" என்று சொன்ன என் அக்காள் இன்னும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் இதைப் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்கா, மானம் போனது நான் பேசியபோது அன்று. அந்த மனிதர் பேசாமல் பணத்தை எண்ணியபோது.

வல்ல அல்லாஹ், நம் விருந்துகளைப் பிறரின் கண்ணீரிலிருந்து காப்பானாக! நம்மைச் சுமந்து வருபவர்களை நம்முடன் அமர்த்தி உண்ணும் உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.